ஆலைக்குப் போன பாதிரிமார்

பாதிரியார் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது ஒரு பெரிய பங்களாவும் அதைச் சுற்றிய மதிற்சுவருமே. அந்த மதிலுக்குள்ளிருந்து பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பஞ்சகாலத்தில் கஞ்சித் தொட்டியும் வந்தது. இவற்றை நாம் மறக்கவில்லை. மறப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் கொடுப்பவர் மதிலுக்கு உள்ளும் வாங்குபவர் மதிலுக்கு வெளியும் நின்றனர் என்பதையும் நாம் மறக்கவில்லை. அந்நிய ஆட்சி நடந்த நாளில், கொடுத்த கை எந்தக் கொடியின் நிழலிலிருந்து நீண்டது என்று தேசபக்தர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. ஆனால் அதே மார்க்கத்தைச் சேர்ந்த சில குருமார், தங்கள் சொந்தத் தேசத்திலேயே அந்த மதிலை இடிக்கப் புறப்பட்டு, அதற்காகத் தங்கள் மேலதிகாரிகள் கையாலேயே தண்டனை பெற்ற சரித்திரத்தை நம்மில் பெரும்பாலோர் அறியோம். பிரான்சு தேசத்துத் தொழிலாளர்-குருமார் என்று பெயர் பெற்றவர்களின் கதை அது. அரசியல் ஊழியம் செய்வோர் யாவரும் அதை அறிந்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ஏனென்பது போகப்போக விளங்கும்.

1943-ஆம் வருஷம். பாரிஸ் மாநகரம் ஜெர்மானியப் படையின் வசத்தில் இருந்தது. அங்கே தொழிலாளர் பேட்டைகளில் கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்துக்கு ஆத்ம குருக்களாக உழைத்துவந்த ஹென்றி கோதென், இவான் டேனியல் என்ற இருவர் சேர்ந்து ஒரு புஸ்தகம் எழுதினார்கள். 'பிரான்சு, வேதபோதக நாடா?' என்பது அதன் பெயர். இந்தப் பெயரின் கூர்மை ஐரோப்பியரைக் காட்டிலும் நமக்கு நன்றாய் விளங்கும். ஆப்பிரிக்காவுக்கும் சீனத்துக்கும் இந்தியாவுக்கும் வேதபோதகர்களை அனுப்பிவந்த தேசம் பிரான்சு. அஞ்ஞானிகள் என்போர் கடலுக்கு அப்பால் வசிப்பவர்கள் என்று அங்குள்ள பக்தர்கள் எண்ணியிருந்தனர். அந்த அஞ்ஞானிகள் பாரிஸின் ஆலைப் புறநகர்களிலேயே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்று இவ்விருவரும் எடுத்துக் காட்டினார்கள். அங்கே பிறந்து, உழைத்து, மாண்டுபோகும் ஜனங்களுக்குக் கோவில் மணியோசை பட்டணத்து இரைச்சலில் இன்னுமோர் இரைச்சலே என்பது அவர்கள் கண்டது.

நோயைக் காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. காரணத்தையும் துணிந்து சொன்னார்கள். தொழிலாளி கோவிலுக்கு வராதது கிறிஸ்துவின்மேல் உள்ள வெறுப்பினால் அன்று. கோவில் வேறு ஒரு வகுப்பாருக்குச் சொந்தமாகிவிட்டது. அங்கே உட்கார வேண்டுமானால் அவன் பேச்சை மாற்ற வேண்டும், உடையை மாற்ற வேண்டும், சிநேகிதர்களையும் மாற்ற வேண்டும். சுருங்கச் சொன்னால், தன் ஜனங்களை விட்டுப் பிரிவதே அவன் கிறிஸ்தவனாவதற்குக் கொடுக்க வேண்டிய விலை. இந்த விலையைப் பற்றி நமது நாட்டில் எவ்வளவு காலமாகப் பேசிவந்திருக்கிறோம்! வெள்ளைக்காரரின் மதத்தோடு வெள்ளைக்காரரின் மேஜையும் நாற்காலியும் சேர்ந்து வருகின்றன என்று நமது முன்னோர் குறை சொன்னபோது, அது பரதேசத்தில் நேர்ந்த விபத்து என்று வேதபோதகர்கள் சமாதானம் சொல்லியிருக்கலாம். தம் சொந்த ஊரிலும் அதே மேஜையையும் நாற்காலியையும் போட்டே ஏழையை அவர்கள் வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டவர் கோதென்.

பாரிஸ் அதிமேற்றிராணியாராயிருந்த கர்தினால் சுஹார் இப்புஸ்தகத்தின் கையெழுத்துப் பிரதியை அந்த வருஷத்து ஈஸ்டர் காலத்தில் ஒரே இரவில் படித்து முடித்தாரென்பர். திருச்சபைக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறதென்றும், எந்த விலை கொடுத்தாவது அதை இடித்தாக வேண்டுமென்றும் முன்பே மனம் நொந்திருந்தவர் அவர். உடனே 'பாரிஸ் மிஷன்' என்ற ஸ்தாபனத்துக்கு உத்தரவளித்தார். இந்தக் கர்தினாலைத் தியாகச் சுடர் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். ஜெர்மானியருக்கு இணங்கி ஆண்ட மார்ஷல் பெத்தேனை வரவேற்றவர் அவர். பாரிஸ் விடுதலையடைந்து 1944 ஆகஸ்டு 26-ந் தேதி நோத்ருதாம் பேராலயத்தில் வந்தன வழிபாடு நடந்தபோது, அவர் தமது ஆலயத்துக்கே வரலாகாதென்று தளபதி தெகோலின் தரப்பார் தடுத்துவிட்டனர். அப்படிப்பட்டவர் கையாலேயே இந்தக் காரியமும் தொடங்கியது. மனிதர்களைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துப் பழகிய நம் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு பழைய ஞாபகம் எழக்கூடும். 1606-ஆம் வருஷம் மதுரைக்கு வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு, காவி தரித்து, மாமிசம் விலக்கி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, சந்நியாசி போல வாழ்ந்தார் அல்லவா? நடையுடை பாவனைகளை மாற்றிக்கொண்டு ஜனங்களோடு ஜனமாவது சேசு சபைக்குப் புதிதல்ல. ஆனால் தத்துவ போதகர் மேல்சாதியாரை நோக்கி ஏறிய படியில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை. அவர்களிடம் போகும்பொருட்டுப் பண்டார சுவாமிகள் என்ற வேறொரு வகைக் குருமார் சுமார் 1640-ல் ஏற்பட்டனர். இரண்டு வகுப்புக்கு இரண்டு வகைக் குரு! அக்காலத்து நிலைமையில் அது சாமர்த்தியமாயிருந்திருக்கலாம். அதனால் மதில் ஒன்றும் இடியவில்லை. பிரெஞ்சுக் குருமார் போன வழி இதற்கு நேர் எதிரானது. அவர்கள் இறங்கினார்கள், வேஷத்தில் மட்டுமல்ல, கூலியிலும் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவர்களில் ஒருவர் ஜாக் லோவ். நீஸ் நகரத்தில் வக்கீலாயிருந்து, பின்பு தோமினிக் சபையில் சேர்ந்தவர். மார்சேய் துறைமுகக் கூலிகளின் நிலைமையை ஆராய்ந்து எழுதுமாறு அவரை அனுப்பினார்கள். புஸ்தகங்களையும் புள்ளிவிவரங்களையும் புரட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லையென்று கண்டு, பழந்துணிக் கடையில் தொழிலாளி உடை ஒன்றை வாங்கி அணிந்துகொண்டு, 1941-ல் தாமே மூட்டை சுமக்கப் போய்விட்டார். ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை, மார்சேய்க் கூலிகளைப் பற்றிய அவரது நூல் பின்னர் வெளிவந்தது. ஆனால் காலையில் துறைமுக வாசலில் இன்று வேலை உண்டோ இல்லையோ என்று காத்து நின்றவன் எழுதிய நூல் அது என்பதை அதைப் படிப்போர் கவனிக்க வேண்டும்.

மற்றொரு வாசல் ஜெர்மனியில் திறந்தது. 1943 பிப்ரவரியில் பிறந்த கட்டாய வேலைச் சட்டத்தாலும் அதற்கு முந்திய ஏற்பாடுகளாலும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுக்காரர் ஜெர்மானிய ஆலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுக்குக் குருமாரை அனுப்ப ஜெர்மானியர் அநுமதி மறுத்தனர். ஆகவே இருபத்தைந்து பேர் அளவில் குருமார் தங்கள் பட்டத்தை மறைத்து, சாதாரணத் தொழிலாளர்களாகப் பதிவு செய்துகொண்டு போனார்கள். பெரும்பாலோர் பிடிபட்டனர். சேசு சபையைச் சேர்ந்த விக்டர் தில்லார் பொருளாதாரம் போதித்த ஆசிரியர். வுப்பர்டால் நகரத்தில் மின்சாரத் தொழிலாளியாக வேலை பார்த்தார். பிடிபட்டு, 1945 ஜனவரியில் டாக்கௌ முகாமில் உயிர் நீத்தார். லைப்சிக் ஆலையில் வேலை செய்த ஹென்றி பெரென் சிறையிலிருந்து தப்பிப் பிழைத்துத் தாயகம் திரும்பி, தமது நாட்குறிப்பை 1945-ல் வெளியிட்டார். ஏராளமான பிரெஞ்சுக்காரர் அதைப் படித்தனர். அந்தக் கொட்டகைகளில் அவர் கண்டது யாதெனில், அங்கி இல்லாமல், பிரசங்க மேடை இல்லாமல், தாம் யாரென்று ஒருவரும் அறியாமல் ஒரு குரு தொழிலாளர் நடுவே படுத்தெழுந்தால், இருவருக்கும் பொதுவான பாஷைகூட இல்லையென்பது அன்றைக்கே தெரிந்துவிடும் என்பதே.

பாரிஸில் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1944 ஜனவரி நடுவில் கர்தினால் முன்னிலையில் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். அடுத்த இரவிலேயே கோதென் இறந்தார். அறையைச் சூடாக்கும் அடுப்பிலிருந்து கசிந்த நச்சுக்காற்று அவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிட்டது. அப்போது அவருக்கு வயது 37. ஏழைகளின் அறைகளில் பழுதுபட்ட அடுப்புக்கள் இப்படித்தான் உயிர் வாங்கும். குருவும் அந்த வகையிலேயே போனார்.

ஆலையில் கூலிக்குச் சேர்வது முதலில் மிஷனின் திட்டமே அல்ல. பேட்டையில் குடியிருந்து ஜனங்களோடு பழகுவதே நோக்கம். ஆனால் அடுத்த வீட்டான் விடியுமுன் எழுந்து ஓடி, இருட்டியபின் திரும்புகிறான். பகலெல்லாம் அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதன் அவனுக்கு எப்படிச் சிநேகிதனாவான்? எனவே ஒருவர் பின் ஒருவராக ஆலைக்குப் போனார்கள். அங்கியைக் கழற்றினார்கள். மலிவான வாடகை அறை, அன்றைய கூலியால் அன்றைய சாப்பாடு, 1949 வரை நீடித்த பங்கீட்டு ரொட்டி. பலர் தாம் குருவென்பதை முதலில் சொல்லவில்லை. சொன்னால் மேஸ்திரி இலகுவான வேலைக்கு மாற்றிவிடுவான், தோழர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மாலையில் அறையின் சாப்பாட்டு மேஜையின்மேலேயே பூசை வைப்பார்கள்; விரும்பியவர் வந்து நிற்பார்கள். தங்களிடம் கஞ்சித் தொட்டி இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை, பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடம் இல்லை. கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை என்பதே அவர்களது விசேஷம். ஒன்றும் கொடாதவனிடம் ஏழை வந்து உட்கார்ந்து பேசினால், அது சிநேகத்துக்காக மட்டுமே வந்ததாகும்.

சிநேகத்தின் விளைவு விரைவிலேயே தெரியவந்தது. வேலைநிறுத்தம் வருகிறது. உடன் வேலை செய்பவன் ஆலைக்கு வெளியே நிற்கிறான். குருவானவர் எங்கே நிற்பது? உள்ளே போனால் கருங்காலி. வீட்டில் இருந்தால் கோழை. வெளியே நின்றால் சங்கத்துக்காரன். அவர்கள் வெளியே நின்றார்கள். கிறிஸ்தவத் தொழிற்சங்கம் ஒன்று 1919 முதலே பிரான்சில் இருந்தது. ஆயினும் இவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய பொதுத் தொழிலாளர் சம்மேளனத்திலேயே சேர்ந்தனர். தத்துவத்தில் மயங்கிச் சேர்ந்தார்கள் என்று ரோமாபுரியில் பலர் நினைத்தார்கள். உண்மை அதைவிட எளியது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் அந்தச் சங்கத்தில் இருந்தான். சிலர் சங்கத்தின் பிரதிநிதிகளாகவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். போர்தோ துறைமுகத்தில் கூலி வேலை செய்த இளங்குரு மிஷேல் பாவ்ரோ 1951 ஏப்ரலில் சுமை விழுந்து நசுங்கி மாண்டார்.

இதற்குள் சுஹார் காலமாகிவிட்டார் (1949 மே). அதே வருஷம் ஜூலையில், கம்யூனிஸ்டுகளோடு ஒத்துழைக்கும் கத்தோலிக்கருக்குத் திருச்சடங்குகள் இல்லையென்று ரோமாபுரி ஆணை பிறப்பித்தது. 1951-ல் புதிய குருமார் ஆலைக்குப் போவது நிறுத்தப்பட்டது. 1952 மே 28-ந் தேதி, வட அட்லாண்டிக் கூட்டுப்படைக்குத் தலைமை ஏற்க வந்த அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வேயை எதிர்த்துப் பாரிஸில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் இரண்டு தொழிலாளர்-குருமார் கைதாகிப் போலீஸாரிடம் அடிபட்டனர். பத்திரிகைகளெல்லாம் அமளிப்பட்டன. அந்த வருஷமே ழில்பேர் செஸ்ப்ரோன் இக்குருமாரை வைத்து எழுதிய நாவல் வெளிவந்து வீடுதோறும் படிக்கப்பட்டது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்றாயிற்று.

ரோமாபுரியின் பக்கத்தில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். நாள் முழுதும் இரும்போடு மல்லாடியவனுக்கு ஜெபத்துக்கு எது நேரம்? சிலர் குருப்பட்டத்தை விட்டு விவாகம் செய்துகொண்டதும் உண்மை. கட்சிப் போராட்டத்தில் இறங்கிய குரு, எதிர்க்கட்சியிலுள்ள விசுவாசிக்கும் குருவாயிருப்பது எப்படி என்ற கேள்வியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் ஒன்று கேட்போம். முதலாளியின் மாளிகையில் விருந்துண்டு, அவர் கட்டிய கோவிலை மந்திரித்துத் திறந்துவைத்த மேற்றிராணிமார் கட்சி சார்ந்தவர்களாகிவிட்டார்கள் என்று அக்காலத்தில் யாராவது தாக்கீது அனுப்பினார்களா? பணக்காரனோடு இருந்தால் அது சமூக ஒழுங்கு. ஏழையோடு இருந்தால் அது அரசியல். இந்த இலக்கணத்தை நாமும் நமது ஊரில் நன்கு அறிவோம்.

1953 நவம்பரில் லியேனார், ஜெர்லியே, பெல்தென் என்ற மூன்று பிரெஞ்சுக் கர்தினால்மார் ரோமாபுரி சென்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடம் மன்றாடினர். கிடைத்தது சொற்பம். 1954 ஜனவரி 19-ந் தேதி மேற்றிராணிமார் குருமாருக்குக் கடிதம் எழுதினார்கள். மார்ச்சு முதல் தேதிக்குள் சங்கத்தை விட்டு விலக வேண்டும். நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் வேலை செய்யலாகாது. மூன்று மணி நேரத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளும் இரும்பாலை பிரான்சில் எங்கே இருக்கிறது? இதன் பொருள் யாவருக்கும் விளங்கிற்று. அப்போது தொழிலாளர்-குருமாரின் தொகை சுமார் 100. அவர்களில் 73 பேர் பிப்ரவரி 3-ந் தேதி ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். ஒடுக்கப்பட்ட லட்சோபலட்சம் மாந்தரின் வாழ்வைப் பகிர்ந்துகொள்வதையும் அவர்கள் போராட்டத்தில் உடன் நிற்பதையும் சுவிசேஷத்தின் பெயராலேயே தடுப்பது எங்ஙனம் என்பது அதன் சாரம். கெடு முடிந்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் கீழ்ப்படிந்தனர். பாதிப்பேர் ஆலையிலேயே இருந்துவிட்டனர். லோவ் கீழ்ப்படிந்து, துறைமுகத்தை விட்டு, அடுத்த வருஷம் தொழிலாளருக்கென வேறொரு மிஷனைத் தொடங்கினார். அணைக்கட்டு வேலையில் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவரான பெரென், இந்தத் தீர்ப்பு தந்த வேதனை ஆறாதிருக்கையில், அந்த அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். இவர்களுக்காகப் பரிந்தெழுதிய தோமினிக் சபைப் பண்டிதர்கள் ஷெனுவும் கோங்காரும் பாரிஸிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர்.

கீழ்ப்படிந்தவர்கள் கோழைகள் அல்லர். மறுத்தவர்கள் துரோகிகளும் அல்லர். சத்தியம் செய்து கொடுத்த வாக்கு ஒருபுறம், பத்து வருஷம் கூட உண்ட சிநேகிதர்கள் மறுபுறம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பக்கத்துக்கு வாக்குத் தவற வேண்டிய நிலை. அதைக் கரையில் நின்று நிறுத்துப் பார்ப்பது நமக்குத் தகாது.

நாம் இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம், இக்கதையில் திருச்சபை என்ற இடத்தில் எந்தக் கட்சியின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதென்பதே. ஏழைகளிடம் போ என்று ஊழியனை அனுப்பாத கட்சி நமது நாட்டில் எது? அவனும் போகிறான். பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்புகிறான். அவனால் யாருக்கும் தொந்தரவில்லை. அவன் நல்ல ஊழியன் என்று பெயரெடுக்கிறான். ஒருவன் மட்டும் அங்கேயே குடிசை எடுத்துத் தங்கிவிடுகிறான். அவன் அந்தத் தெருவின் தண்ணீரைக் குடித்து, அந்தத் தெருவின் காய்ச்சலில் விழுந்து, பிறகு ஒரு நாள் கட்சிக் காரியாலயத்துக்கு வந்து, குடிசைகளை இடிக்கும் தீர்மானத்துக்கு நமது அங்கத்தினர் நகரசபையில் கை தூக்கியது ஏன் என்று கேட்கிறான். அன்றைக்கே 'கட்டுப்பாடு' என்ற சொல் காரியாலயத்தில் பிறக்கிறது. மூன்று மணி நேரச் சிநேகம் போதும் என்று மேற்றிராணிமார் எழுதிய கடிதத்தை நமது கட்சிகள் காகிதத்தில் எழுதுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிற்க. பன்னிரண்டாம் பத்திநாதருக்குப் பின் வந்தவர் இருபத்துமூன்றாம் அருளப்பர். தயாள குணத்துக்குப் பேர்போனவர். 1944 கடைசி முதல் 1953 வரை பாரிஸில் பாப்பரசரின் ஸ்தானாபதியாயிருந்து இவ்விஷயத்தையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர். அவர் காலத்திலேயே, 1959-ல், மிச்சமிருந்த வாசலும் அடைக்கப்பட்டது. கர்தினால் பிட்ஸார்டோ எழுதிய கடிதம், குருத்துவமும் ஆலை வேலையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று தீர்த்தது. அத்துடன், இவ்வளவு ஜனங்கள் ஞானஸ்நானம் பெற்றிருக்கும்போது பிரெஞ்சுத் தொழிலாளரைக் கிறிஸ்துவை விட்டு அகன்றவர்கள் என்று சொல்வது கடினம் என்றும் கூறிற்று. நெற்றியில் தண்ணீர் விழுந்த கணக்கு சரியாக இருக்கிறது, ஆகவே நோய் இல்லை! கோதென் எழுதியதற்குப் பதினாறு வருஷத்துக்குப் பின் கிடைத்த மறுமொழி இது.

ஆனால் 1962-ல் கூடிய வத்திக்கான் பொதுச் சங்கத்தில் காற்று மாறிற்று. அது முடியும் தறுவாயில், 1965 அக்டோபர் 23-ந் தேதி, பிரெஞ்சு மேற்றிராணிமார் ரோமாபுரியின் சம்மதத்தோடு ஒரு சிறு தொகைக் குருமாரை மறுபடியும் ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் முழு நாள் வேலைக்கு அனுப்பினார்கள். பெரென் இறந்து அப்போது பதினொரு வருஷமாகியிருந்தது. நாடுகடத்தப்பட்ட பண்டிதர் கோங்கார் அந்தப் பொதுச் சங்கத்துக்கே ஆலோசகராக அமர்ந்திருந்தார். புதிய அநுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: தொழிற்சங்கத்தில் சேரலாம், ஆனால் அதில் பொறுப்பு ஏற்கலாகாது. எழுபதுகளில் ஆலை வேலைக்குப் போன குருமார் பல நூறு பேராயினர். அவர்களில் கணிசமானோர் தங்கள் சங்கங்களில் பொறுப்பும் ஏற்றிருந்தனர்.